எந்தச் சாஸ்தா?

கீழப்பாவூர் பெரியகுளத்தில் பறவை பார்க்கப் போயிருந்தேன். இருட்டும் நேரம் டீக்கடை பெஞ்சுப் பக்கம் போனால் ஒரு பெரியவர், "தம்பி யாரு, தெரியலையே?" என்று ஆரம்பித்தார். ஊர் கேட்டார். தெரு கேட்டார். அப்பா பேர் கேட்டார். என் அப்பா பேர் முருகன். அதை வைத்து தென்காசிப் பக்கம் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில், "பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போவீய?" என்றார். சொன்னேன். முகம் தெளிந்தது. நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

டேட்டாபேஸில் நாங்கள் செய்கிற வேலைதான். ஒரு அடையாளம் போதவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்த்துப் பார்ப்பது.

உட்கார்ந்ததும் கொசு பிடுங்க ஆரம்பித்தது. சில நாள் முன்பு படித்திருந்த ஒரு கொசு நினைவுக்கு வந்தது. அனாபிலஸ் கியூலிசிபேசீஸ். இந்தியக் கிராமங்களில் மலேரியா பரப்புவதில் இதற்குத்தான் முக்கியப் பங்கு. 1980இல் கிரீன், மைல்ஸ் என்ற இருவர் இது ஒரே இனமல்ல என்று காட்டினார்கள். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது. ஆனால் பெண்கொசுவின் சூலகத்தில் இருக்கும் பெரிய குரோமோசோம்களில் பட்டைகள் உண்டு. சிலவற்றில் அந்தப் பட்டை வரிசை ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இரண்டு வரிசையும் ஒரே ஊரில் இருந்தும், இரண்டும் கலந்த பிள்ளைகள் இல்லை. அப்படியென்றால் ஒன்றோடொன்று கூடுவதில்லை. ஏ, பி என்று பெயர் வைத்தார்கள். பிறகு சி, டி வந்தன. இதில் பி பெரும்பாலும் மாட்டைக் கடிப்பது, மலேரியாவில் அதற்குப் பெரிய பங்கில்லை என்று கருதப்பட்டது.

ராமேஸ்வரம் தீவின் கொசுக்களைப் பட்டை வைத்துப் பார்த்தால் பி. ஆனால் தீவில் மலேரியா இருந்தது.

அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்த பெண்கொசுக்களை முட்டையிட வைத்து, மகன்களை வளர்த்து, அந்த மகன்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். அதில் இரண்டு வடிவங்கள் இருந்தன. மலேரியாக் கிருமி இருந்த தாய்களின் மகன்களிடம் ஒரு வடிவம் மட்டும். 1999இல் அதை இ என்று தனி இனமாக அறிவித்தார்கள். பி என்ற நிரபராதிப் பெயருக்குப் பின்னால் இவ்வளவு நாள் இ ஒளிந்திருந்திருக்கிறது.

நண்பர்களிடம் இதைச் சொன்னால், பிரித்துப் பார்ப்பதே தப்புடா என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பிரிக்காமல் விட்டதால்தான் கண் மறைந்தது. சாதிச் சான்றிதழும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது; ஆனால் அது காய்ச்சல் யாருக்கு என்று பார்க்கக் கேட்கிற கேள்வி.

என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. பெண்ணுக்கு ஒய் கிடையாது. மகனிடம் இருப்பது அப்பனுடையது. அதாவது தாய் யார் என்பதை, அவள் யாரோடு கூடினாள் என்பதை வைத்துச் சொல்கிறோம். அவள் தன் இனத்துக்குள்தான் கூடினாள் என்றால் மட்டுமே இந்தக் கணக்கு சரிவரும். பெரியவரின் கணக்கும் இதே நிபந்தனையில்தான் ஓடுகிறது. சாஸ்தாவும் அப்பா வழிதான். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தா.

கொசுவுக்கு யாரும் காவல் நிற்பதில்லை. விட்டாலும் அவை கலப்பதில்லை, அதனால்தான் அவை இரண்டு இனம். எங்கள் பக்கம் அரிவாளோடு காவல் நிற்க வேண்டியிருக்கிறது. விட்டால் கலந்துவிடுவோம் என்று காவல்காரனுக்கு நன்றாகவே தெரியும். அந்த அரிவாளைவிட நாம் ஒரே இனம் என்பதற்குப் பெரிய சாட்சி எந்த லேபிலும் கிடைக்காது.

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். பெஞ்சில் நடந்தது வேறு. பெரியவர் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "கல்யாணம் ஆயிட்டா?" என்றார்.

"ஆயிட்டு தாத்தா."

"சொந்தத்துலயா?"

என் மனைவி வேறு சாதி. எட்டு வருஷமாகிறது. அவள் அப்பா இன்னும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பெரியவர் என்னை அடிக்கப் போவதில்லை. அதிகபட்சம் பேச்சு நின்றிருக்கும். கையில் டீ இருந்தது.

"ஆமா," என்றேன்.

டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.