அந்த விமானத்தில் யார்?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. தெற்குக் கலிஃபோர்னியாவின் சான்டா அனா விமான நிலையத்திலிருந்து தனியார் ஜெட் ஒன்று டொரன்டோவுக்குக் கிளம்பியது. அதில் ஷோஹெய் ஓத்தானி வருகிறார் என்று பேச்சு பரவியது. பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார், இரண்டிலும் முன்வரிசை. இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர். ஏஞ்சல்ஸ் அணியில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்து, எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட்டாக இருந்தார். டொரன்டோ ப்ளூ ஜேஸ் அவரை எப்படியாவது சேர்த்துக்கொள்ளத் துடித்தது. அவர் டொரன்டோவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு செய்தியாளர் உறுதியாகவே சொல்லிவிட்டார். அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஆயிரக்கணக்கானோர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலியைத் திறந்து, அமெரிக்க வரைபடத்தின் மேல் மெல்ல ஊர்ந்த மஞ்சள் நிறச் சின்னம் ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

விமானம் தரையிறங்கியது. உள்ளே இருந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்த முகம், கனடாவின் தொழிலதிபர். குழந்தைகளோடு வந்திருந்தார். மறுநாள் ஓத்தானி, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு ஆடப்போவதாகத் தாமே அறிவித்தார். பத்து ஆண்டு, 70 கோடி டாலர். செய்தியாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை எழுதுபவருக்கு ஏனோ அது முடியவில்லை. யார் தவறாகச் சொன்னார்கள், யார் நம்பினார்கள் என்பதில் மனம் நிற்கவில்லை. அந்த மஞ்சள் சின்னத்தில்தான் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சில மணி நேரத்துக்கு அவர்கள் மனத்தில் இருந்தது என்ன? ஒரு மனிதர் மேல் வைத்த அன்பா? அவர் இதுவரை அவர்கள் சட்டையை ஒரு நாளும் போட்டதில்லை. எதிரணிக்காரராக வந்து அவர்கள் மைதானத்திலேயே அவர்களுக்கு எதிராக ஆடியவர். அவர் வந்தால் தங்கள் ஊர் எப்படி மாறும் என்ற கற்பனையா? அப்படியென்றால் அந்த அன்பு யாருக்குப் போய்ச் சேருகிறது?

பேஸ்பாலுக்குக் குளிர்கால மாதங்களில் ஆட்டம் கிடையாது. ஆனால் அந்த மாதங்களில்தான் பேச்சு அதிகம். அமெரிக்காவில் அதற்கு ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்று பழைய பெயர் ஒன்று உண்டு. சிற்றூர் மளிகைக் கடைகளில் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, குளிர் காய்ந்தபடி, அடுத்த ஆண்டு யாரை எடுப்பது, யாரை விடுவது என்று வாதாடியவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர். இன்றும் வாதம் அதேதான். முப்பத்தொரு வயது பிட்சருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கலாமா? இடதுபுற ஃபீல்டில் ஆள் இல்லாதபோது இன்னொரு ஷார்ட்ஸ்டாப் எதற்கு? இரண்டு இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து ஒரு அனுபவசாலியை வாங்குவது லாபமா, நஷ்டமா? பேசுகிறவர்களுக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது. முடிவெடுக்கும் அறையின் வாசலைக்கூட அவர்கள் மிதித்ததில்லை. இருந்தும் அவர்கள் பேச்சில் இருக்கும் பொறுப்பு உண்மையானது. தங்கள் பணத்தைச் செலவழிப்பதுபோலக் கணக்குப் பார்க்கிறார்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்புவதுபோல ஒரு புதுப் பையனை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட இதை எழுதுபவருக்கு மனம் வருவதில்லை. ஆட்டம் நடக்காத குளிர்காலத்திலும் ஒரு ஊர் தன்னைப் பற்றித் தானே யோசித்துக்கொள்ளும் விதம் அது.

டொரன்டோ அன்று அத்தனை பதற்றமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. 1977இல் பிறந்த அணி. 1992, 1993 இரண்டு ஆண்டும் உலகத் தொடரை வென்றது. இரண்டாவது வெற்றி ஜோ கார்ட்டர் ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னில் வந்தது. அதன் பிறகு அன்று வரை அந்த மேடைக்கு வரவே இல்லை. 2004 சீசனோடு மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. கனடா முழுமைக்கும் மிஞ்சியது ஒரே ஒரு அணி. அமெரிக்கப் பெருநகரங்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரு பெரிய ஆட்டக்காரர் எல்லை தாண்டி வருவாரா என்பது அங்கே பேஸ்பாலைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முன்பு ஓத்தானி ஃப்ளோரிடாவின் டனீடனில் உள்ள ப்ளூ ஜேஸ் பயிற்சி வளாகத்துக்கு ரகசியமாக வந்து போயிருந்தார். விருந்தாளிக்கு அணியின் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். அவருடைய நாய் டெக்காய்க்குக்கூட ஒரு சின்னச் சட்டை கொடுத்தார்கள். நாய்க்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற அளவுக்கு ஒருவரை வா, வா என்று அழைப்பது இதை எழுதுபவரை இன்றைக்கும் நெகிழ வைக்கிறது. 70 கோடி என்ற எண் மனத்தில் தங்குவதில்லை. வருடத்துக்கு 20 லட்சம் டாலர் மட்டும் இப்போது, மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை என்று அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துச் சொன்னாலும் தங்குவதில்லை. அந்தச் சட்டை தங்குகிறது.

இங்கே ஒரு பழைய விளையாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. விளையாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. விளையாட்டுக்கு முன்னால் நடப்பது. இதை எழுதுபவரின் சிறுவயதில் அணி சேர்ப்பதற்கு உத்தி பிரிப்பார்கள். இரண்டு தலைவர்கள் ஓரமாக நிற்பார்கள். சம பலம் உள்ள இரண்டு பேர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், காதோடு காதாகப் பேசி, ஒருவன் வானம், ஒருவன் பூமி என்று பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். “வானம் வேணுமா, பூமி வேணுமா?” தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குள் இருந்தவன் அவன் பக்கம் போய் நிற்பான். தலைவனுக்கு யார் கிடைக்கப்போகிறார் என்று தெரியாது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதாக யாரும் வீட்டுக்குப் போய் அழ முடியாது, ஏனென்றால் ஒதுக்கப்பட்டது ஒரு பெயர்தான். கெட்டிக்காரப் பையன் ஒருவன் தன் பக்கமே வர வேண்டும் என்று தலைவன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு “வானம்” என்று சொன்ன அந்த ஒரு நொடியின் பதற்றம், சான்டா அனாவிலிருந்து கிளம்பிய விமானத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. உள்ளே யார் என்று தெரியாமல் ஒரு பெயரின் மேல் நம்பிக்கை வைப்பது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உத்தியில் கேட்கிறவன் தலைவன், போகிறவனுக்கு விருப்பம் கிடையாது. பேஸ்பாலும் நூறாண்டுக்கு அருகில் அப்படித்தான் நடந்தது. ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அதை ஆண்டுக்கு ஆண்டு அணியே நீட்டிக்கொள்ளலாம் என்ற ஷரத்து இருந்தது. அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அவர் மறுத்தால் ஆட்டத்தையே விட வேண்டும்.

கர்ட் ஃப்ளட் மறுத்தார். அவரைப் பற்றி எப்போதோ, எந்தப் பத்திரிகையில் என்றுகூட நினைவில்லாமல் படித்தது மட்டும் பதிந்து கிடக்கிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு சீசன் ஆடியவர், நடு ஃபீல்டில் அவரைத் தாண்டிப் பந்து விழுவது அபூர்வம். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு அவர் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு இந்த ஆட்டத்தில் இருந்த பிறகும், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கப்படும் சொத்தாகத் தன்னைக் கருத முடியவில்லை என்பது அதன் சாரம். வழக்குப் போட்டார். ஓய்வு பெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். அன்று ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட நீதிமன்றப் பக்கம் வரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1970 முழுதும் ஆடவில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டன் அணிக்குப் பதின்மூன்று ஆட்டம் ஆடிவிட்டு விலகிக்கொண்டார்.

கதவு திறந்தது 1975 டிசம்பரில். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அணிகளுக்கு எதிராக முடிவு சொன்னார். அதன் பிறகு வந்த உடன்பாட்டில்தான், ஆறு ஆண்டு ஆடி முடித்தவர் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி பிறந்தது. ஓத்தானி ஏஞ்சல்ஸில் ஆடிய அதே ஆறு ஆண்டு. ஹாட் ஸ்டவ் பேச்சுக்கு இன்று இத்தனை சூடு இருக்கிறதென்றால் அது ஃப்ளட் தன் பிழைப்பை விலையாகக் கொடுத்து மூட்டிய நெருப்பு. 1997இல் அவர் இறந்தார். இன்று வரை அவருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுக்கவில்லை என்பது இதை எழுதுபவருக்கு ஆறாத வருத்தம்.

அப்படியானால் அந்த மஞ்சள் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தது ஒரு மனிதனின் சுதந்திரத்தை. எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற உரிமை அவருக்கு இருந்ததால்தான் டொரன்டோ நம்ப முடிந்தது. அதே உரிமையால்தான் ஏமாறவும் நேர்ந்தது. விசுவாசம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு: அந்தக் காலத்தில் அது ஆட்டக்காரரிடம் மட்டுமே கட்டாயமாக வாங்கப்பட்டது. ப்ரூக்ளின் ரசிகர்களை விட்டு 1957 சீசனோடு கிளம்பிய டாட்ஜர்ஸ் அணி அந்த ரசிகர்களிடம் அனுமதி கேட்கவில்லை. மான்ட்ரியால்காரர்களையும் யாரும் கேட்கவில்லை. இத்தனையும் தெரிந்தும் ரசிகனின் வலியைப் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆட்டக்காரர் போகலாம், அணியே போகலாம். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிய அணியை விட்டு ரசிகன் மட்டும் எங்கே போவான்?

2025 அக்டோபரில் கதை தானாகவே ஒரு சுற்று வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு ப்ளூ ஜேஸ் உலகத் தொடருக்கு வந்தது, எதிரில் டாட்ஜர்ஸ். தொடருக்கு முன்பு டொரன்டோவின் மேலாளர் ஜான் ஷ்னைடர், அன்று கொடுத்த தொப்பியையும் நாய்ச் சட்டையையும் ஓத்தானி திருப்பிக் கொண்டுவந்திருப்பார் என்று நம்புவதாகச் சிரித்தபடி சொன்னார். சட்டை வீட்டு கராஜில் இருப்பதாக ஓத்தானியும் சிரித்தபடி பதில் சொன்னார். முதல் ஆட்டத்தை டொரன்டோ 11–4 என்று வென்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓத்தானி மட்டையோடு வந்து நின்றபோது, நீ எங்களுக்குத் தேவையில்லை என்று அரங்கமே ராகம் போட்டுக் கத்தியது. அதில் கோபம் மட்டும்தான் இருந்தது என்று இதை எழுதுபவரால் நம்ப முடியவில்லை. தேவைப்பட்டிருக்காவிட்டால் அந்தக் குரல் அவ்வளவு ஒன்றுபட்டு எழும்பியிருக்காது.

கடைசி ஆட்டம் நவம்பர் 1, டொரன்டோவில். மூன்றாவது இன்னிங்ஸில் ஓத்தானி வீசிய பந்தை போ பிச்செட் மூன்று ரன்களுக்கு அடித்தார். 2016இல் ப்ளூ ஜேஸ் பொறுக்கியெடுத்து, தன் கீழ்நிலை அணிகளில் வளர்த்து, 2019இல் மேலே கொண்டுவந்த பையன். முழங்கால் காயத்தால் வாரக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு அந்தத் தொடருக்குத்தான் திரும்பியிருந்தார். டொரன்டோவுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இருந்திருக்க முடியாது. ஆனால் டாட்ஜர்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் சமன் செய்து, பதினோராவதில் 5–4 என்று வென்றது.

தோற்ற கையோடு பிச்செட்டும் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். ஆறு ஆண்டு முடிந்திருந்தது. ஃப்ளட் கேட்ட உரிமை அப்போது அவர் கையில் இருந்தது. அவர் போகக் கூடாது என்று டொரன்டோவில் நினைக்காத ரசிகர் இருந்திருக்க மாட்டார். ஃப்ளட்டுக்கு இழைத்தது அநீதி என்று முழு மனத்தோடு ஒப்புக்கொள்பவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள். இதை எழுதுபவரும் நினைத்தார். ஒருவர் தன் விருப்பப்படி போக வேண்டும், ஆனால் அந்த விருப்பம் இங்கேயே இருப்பதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது அன்பின் இயல்பா, அல்லது பழைய ஷரத்தின் மிச்சம் மனத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சில நாள் முதல் பதில் சரி என்று படுகிறது. ஃப்ளட்டின் கடிதம் ஞாபகத்துக்கு வரும் நாட்களில் அப்படிப் படுவதில்லை.