ஆண்டிக்கு எதற்குப் பட்டு?

பழனியில் ஒரே முருகன் விடியலில் ஆண்டியாக நிற்கிறார், சாயரட்சையில் கிரீடம் வைத்துப் பட்டு உடுத்தி ராஜாவாகிறார். தைப்பூசத்துக்கு எங்கள் ஊரான ராசிங்காபுரம் பக்கமிருந்து நடந்து போகிறவர்களில் பலர் ராஜ அலங்காரம் பார்த்த பிறகுதான் மலையை விட்டு இறங்குவார்கள். ஆண்டிக் கோலத்தைப் பார்த்தால் வீட்டில் தரித்திரம் சேரும் என்றொரு பேச்சு உண்டு. அதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கும் கேள்வி என்னை விடவில்லை. எல்லாம் வேண்டாம் என்று வந்து நின்றவருக்கு எதற்குப் பட்டு? ஒன்றும் தேவைப்படாதவருக்கு உடுத்திப் பார்ப்பது பக்தியா, நம்முடைய ஆசையா?

நான் தையல்காரி. ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும்தான் என் பிழைப்பு. ஆடி பிறந்தால் அம்மன் பாவாடை தைக்கக் கேட்டு வருவார்கள். வரலட்சுமி நோன்புக் கலசத்தில் அம்மனுக்கு முகம் மட்டும்தான் உண்டு. கழுத்துக்குக் கீழே சொம்பும் அரிசியும் தேங்காயும். கொசுவம் பிடித்துப் பாவாடையைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் அங்கே ஒரு பெண் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். துணிதான் அவளுக்கு உடம்பு.

துணி வடிவமைப்பு படிக்கும் அக்கா மகள், ஸ்பெயின் நாட்டு மாதா சொரூபங்களின் படங்களைக் காட்டினாள். செவில் நகரத்து மக்கரேனா மாதாவுக்கும் முகத்தையும் கைகளையும்தான் செதுக்கியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் உள்ளே மரச்சட்டம். அதன்மேல் தங்க இழை பின்னிய அங்கி, தோளிலிருந்து தரைவரை விழும் கனத்த மேலாடை. 1920இல் ஹோசெலித்தோ என்ற காளைச்சண்டை வீரர் களத்தில் இறந்தபோது அந்த மாதாவுக்குக் கறுப்பு உடுத்தித் துக்கம் காத்தார்களாம். படித்ததும் எனக்குக் கள்ளழகர் நினைப்புதான் வந்தது. அவர் எந்த நிறப் பட்டில் வைகையில் இறங்குகிறார் என்று ஊரே பார்த்து நிற்கும். பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்புவோம். நம் சந்தோஷத்தையும் பயத்தையும் சாமியின் மேல் போட்டுப் பார்க்கிறோம். அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அந்த ஸ்பெயின் மண்ணில்தான் ஆடைக் கலைஞர் கிறிஸ்டோபல் பலென்சியாகா பிறந்தார். 1895, கெட்டாரியா என்னும் மீன்பிடி ஊர். அம்மா தையல்காரி. அவர் துணி தைத்துக் கொடுத்துவந்த ஒரு சீமாட்டிதான் பையனின் கைத்திறனைக் கண்டு வழிகாட்டினார். 1937இல் பலென்சியாகா பாரிஸில் கடை திறந்தார். உலகத்தில் மிக உயர்ந்த விலைக்கு ஆடை தைத்த நிறுவனங்களில் அதுவும் ஒன்றாகியது. ஓவியர் வெலாஸ்கஸ் வரைந்த இளவரசியின் பாவாடையைப் பார்த்து 1939இல் அவர் ஒரு கவுன் செய்தார். காளைச்சண்டை வீரரின் குட்டைச் சட்டையும் பாதிரியாரின் அங்கியும் மாதாவின் மேலாடையும் அவர் கத்தரி வழியே பாரிஸ் போய்ச் சேர்ந்தன. கடைசிவரை கோயிலுக்குப் போன கத்தோலிக்கர் அவர்.

மாதாவின் மேலாடை வடிவத்தைப் பணக்காரப் பெண்களின் தோளில் போட்டது தகுமா? அக்கா மகள் அதைக் கலை என்றாள். என் வீட்டுக்காரர் அது பாவம் என்றார். நான் பலென்சியாகாவின் வேறொரு ஆடையைப் பார்த்தேன். 1967இல் செய்த கல்யாண உடுப்பு அது. காசார் என்கிற விறைப்பான பட்டு, மிகக் குறைந்த தையல், பூவேலை எதுவுமில்லை, தலையில் கன்னியாஸ்திரீ முக்காடு போல ஒரு மூடி. 17ஆம் நூற்றாண்டு ஓவியர் சுர்பரான் தீட்டிய வெள்ளை அங்கித் துறவிகள் அதில் நிற்கிறார்கள். ஸ்பெயினில் அந்த இன்னொரு வழியும் உண்டு. அவிலா நகரத்துப் புனித தெரசா 1562இல் தொடங்கிய மடத்துச் சகோதரிகள் முரட்டுத் துணி உடுத்தினார்கள். அதே சுர்பரான், புனிதப் பெண்களைப் பட்டில் மினுங்கவும் வரைந்தார். ஆண்டியும் ராஜாவும் அந்த ஊரிலும் ஒரே சந்நிதியில்தான் இருக்கிறார்கள். மதுரையில் 1921இல் காந்தி அரை வேட்டிக்கு மாறியதும், அழகர் பட்டில் வருவதும் நமக்கு ஒரே ஊர்ச் சங்கதி இல்லையா?

பலென்சியாகா கை ஏற்றுவதில் பிடிவாதக்காரர். சட்டைக் கை சரியாக உட்காராவிட்டால் பிரித்துவிடுவார், மறுபடி வைப்பார், மறுபடி பிரிப்பார். கையைத் தூக்கினால் உடம்புத் துணி மேலே இழுபடக் கூடாது. தொழில் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை கடினம் என்று தெரியும். அவர் தையற்கூடம் மடம்போல அமைதியாக இருக்கும் என்பார்கள். பேட்டி கொடுத்தது மிக அரிது, காட்சி நடக்கும்போது வெளியே வந்து நின்றதில்லை. துணியை உயர்த்திவிட்டுத் தான் மறைந்துகொண்டார். என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. தன்னைக் காட்டுவதற்காகச் செய்யும்போது பட்டும் ஆசை, கோவணமும் ஆசை. தன்னை மறந்து செய்தால் இரண்டும் பூசை. அம்மன் பாவாடையின் உள்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கேயும் பிசிர் இல்லாமல் மடித்துத் தைப்பதுதான் நான் செய்யும் அர்ச்சனை.

ஆனாலும் ஓரிடத்தில் எனக்கு மனக்குறை. நம் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவை அங்கேயே நிற்பதில்லை. ஏலத்தில் எடுத்தோ, பிரசாதமாக வாங்கியோ ஒருத்தி கட்டிக்கொள்வாள். சாமிக்குப் போன துணி மனுஷிக்குத் திரும்பிவிடும். ஸ்பெயினிலும் கல்யாண உடுப்பைக் கொடுத்து மாதாவுக்கு அங்கி தைக்கச் சொல்லும் வழக்கம் இருந்திருக்கிறது. 1985 வாக்கில் இவ் சான் லோரான் என்ற பாரிஸ் ஆடைக் கலைஞர் ரோசியோ மாதாவுக்கு அங்கியே செய்து கொடுத்தார். பலென்சியாகாவின் உடுப்புகளோ கண்ணாடிப் பெட்டிக்குள் போய் நின்றுவிட்டன. கெட்டாரியாவில் அவற்றுக்கென்று 2011இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பாதுகாப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கை வேலை எந்த ஏழை உடம்பையும் போய்த் தொடவில்லை.

இங்கே விடியும் முன்னே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள், புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும், குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். கை நீட்டி நீட்டி அக்குளில்தான் சட்டை முதலில் கிழியும். தைக்கக் கொண்டு வருவார்கள். அக்குளில் ஒரு துண்டு கூட்டிக் கையை ஏற்றிக் கொடுத்தால் இழுக்காது, கிழியாது. பாரிஸில் அந்தப் பெரியவர் பிரித்துப் பிரித்துத் தேடியதும் இதைத்தான். அம்மனுக்குப் பாவாடை தைத்துப் பழகிய கவனத்தை இந்தச் சட்டைக்கும் கொடுக்காவிட்டால், நான் அங்கே தைத்தது வெறும் துணிதான்.

அம்மனுக்குப் புடவை நேர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில்களில் மெல்லிய நைலக்ஸ் புடவைகள் குவிந்து கிடக்கின்றன. பத்துக்குப் பதில் ஒன்று கொடுங்கள். அது ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டித் தறியில் நெய்த நல்ல பருத்திப் புடவையாக இருக்கட்டும். சாத்தி எடுத்த பிறகு, மலைத் தோட்டத்து வேலைக்குப் போகிற ஒருத்தி கட்டிக்கொள்ளும்படி கேட்டு வாங்கிக் கொடுங்கள்.