அபய தானம்



ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பர் நம் ஆன்றோர். முதல் மூன்றை ஒரே நாளில் ஈந்துவிடலாம். அபயமோ நாள்தோறும் ஈயப்பட வேண்டுவது.

அதனைச் செய்து காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930ஆம் ஆண்டில், ஆதரவின்றி வந்த பெண்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே சென்னையில் அவ்வை இல்லமாக வளர்ந்தது. கட்டடம் எழுமுன்னரே வீட்டுக் கதவு திறந்தது.

பிறந்த நாளில் இல்லக் குழந்தைகளுக்கு அன்னமிடுதல் நன்றே. ஆயினும், 'நாளை யார் வருவார்?' என்னும் அச்சம் ஒருவேளைச் சோற்றால் தீராது. நாளும் காணும் ஒரே முகமும் ஒரே குரலுமே அதற்கு மருந்து.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஆதரவற்ற குழந்தையைக் குடும்பம் ஒன்று சில காலம் வளர்க்க வழிசெய்துள்ளது. தாமாகவே குழந்தையை வைத்துக்கொள்ளுதல் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை பெறுதல் வேண்டும்.

மேல்மலையனூர், செஞ்சிப் பகுதிகளில் பிள்ளைகள் நகரம் சென்றமையால் ஒலியற்ற நம் இல்லங்கள் பல. சிற்றுயிர்க்கும் இரங்கி இரவுணவு துறந்த நாம், அஞ்சி நிற்கும் குழந்தையிடம் குலம் வினவலாமோ? உணவும் மருந்தும் கல்வியும் பெற்று அக்குழந்தை அச்சமின்றி உறங்கும் வீட்டில் நான்கு தானங்களும் ஒருங்கே நிகழ்கின்றன.

அறம் வளர்க!