ஆவரணமும் அருளும்

மெய்ப்பொருளின்மேல் கவிந்த ஆவரணம் நீங்கினால் ஞானம், நீங்காத வரையில் அஞ்ஞானம் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட நமக்கு, ஒரு பொருளின்மேல் மற்றொன்றைப் பூசுவதென்றாலே அது உண்மைக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. சடங்குகளைக் கண்டிக்கும் சீர்திருத்தக்காரரும், நாமரூபங்கள் அனைத்தும் மித்தை என்னும் வேதாந்தியும் இந்த ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்தால் உள்ளே இருப்பது தானே விளங்கும் என்பது இருவர் கட்சியும். மரயானையைக் காட்டித் திருமூலர் விளக்கியது உருவத்துக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தத்தை. அந்த யானையின் மேல் ஏறும் பூச்சைப் பற்றிய விசாரத்துக்கோ, மெருகேற்றும் தச்சனுடைய பட்டறையே தக்க இடம்.

இழைப்புளி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, துளைகளுக்கு மக்கு வைத்து முடித்த தேக்குப் பலகை, பூச்சு ஏதுமின்றி வெறுமேனியாய் இருக்கும்போதுதான் தன்னை மிகக் குறைவாகக் காட்டிக்கொள்கிறது. மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் பட்ட வெளிச்சம் சிதறிப்போவதால், சாம்பல் பூத்தாற்போல ஒரே மங்கலாகத் தோன்றுகிறது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு முறை இழுத்தவுடன் பள்ளங்கள் நிரம்பி ஒளி உள்ளே இறங்க, ஆண்டுக்கொன்றாய் வளர்ந்த வளையங்களின் ரேகைகளும், வைரம் பாய்ந்த பாகத்தின் செம்பழுப்பும் கண்முன்னே எழுகின்றன. பின்னர், ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைப் பஞ்சு பொதிந்த துணிப்பந்தில் நனைத்து, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும்போது, ஒவ்வொரு புதிய படலமும் முந்தையதைச் சற்றே இளக்கி அதனோடு கலந்துவிடுகிறது; எது முதற்பூச்சு, எது கடைசிப்பூச்சு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனையும் மரத்தின்மேல் ஏறிய ஆவரணமே. ஆயினும் மரத்தைக் காட்டியது அந்த ஆவரணமேயன்றி அதன் இன்மை அன்று.

இதனால் பூச்செல்லாம் புனிதமென்று ஆகிவிடாது. ரப்பர் மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றி ஈட்டியென்று விலை சொல்பவனும் உண்டு. ஆனால் அங்கேயும் பொய் சொன்னது சாயமன்று, விற்றவன் வாய்தான். ரப்பர் மரமென்றே சொல்லி அதே சாயத்தை ஏற்றியிருந்தால் குற்றமென்ன? ஆகவே, மறைப்பதா மறைக்காததா என்ற கேள்வியைவிட, எந்தப் பிரயோஜனத்தைக் கருதி, யாருடைய நன்மைக்காக மறைக்கிறது என்ற கேள்வியே ஆழமானது.

சைவ சித்தாந்தம் இக்கேள்வியைத் துணிந்து எதிர்கொண்டது. இறைவனுடைய ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒன்றாக எண்ணி, அதனை அருளலுக்கு முன் வைத்தார்கள் அந்த ஆசாரியர்கள். ஆணவ மலம் உயிரோடு அநாதியாய் உடனிருந்து அதன் அறிவை முடக்குவது. மறைத்தலாகிய திரோதானமோ, உயிர் உலக அநுபவங்களில் நின்று மலபரிபாகம் எய்தும் வரையில், சிவம் தன்னைக் காட்டாது நிற்கும் கருணை. இந்தச் சக்தியையும் மலமென்று வழங்குவதுண்டென்பதை உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் சொல்கிறார். அது உபசார வழக்கேயன்றி, மலத்தைப் பக்குவப்படுத்தும் அருட்சக்தி மலமாகிவிடாது. பார்வைக்கு இரண்டும் மறைப்பே. ஒன்று கட்டு, மற்றொன்று அக்கட்டு நெகிழ்வதற்குத் துணை.

பூரியில் இத்தத்துவம் வழிபாடாகவே நடந்து வருகிறது. வேப்பமரத்தாலான ஜகந்நாதர் முதலிய மூர்த்திகளுக்கு ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று 108 குட நீரால் ஸ்நானம் நடந்தபின், ஏறத்தாழ ஒரு பட்சகாலம் பக்தர்களுக்குத் தரிசனம் இல்லை. அந்த மறைவில் வண்ணம் புதுப்பிக்கப்பட்டு, மூர்த்திகள் நவயௌவன தரிசனம் தந்த பின்னரே தேருக்கு எழுந்தருளுகிறார்கள். எத்தனை பூச்சு ஏறினாலும் மரம் மரமே என்பதையும் அந்த க்ஷேத்திரம் மறக்கவில்லை. ஆஷாட மாதம் இரட்டித்து வரும் ஆண்டுகளில், 1996-லும் 2015-லும் நடந்ததுபோல, பழைய திருமேனிகளை அடக்கம் செய்து புதிய மரத்தில் திருமேனி அமைக்கிறார்கள்.

பூச்சின் எல்லையைத் தச்சனும் அறிவான். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கிப் பருப்பதையும், கோடையில் சுருங்குவதையும் எந்த வார்னிஷும் முற்றிலும் தடுத்துவிடாது. அவ்வேகத்தைத் தணிக்க மட்டுமே அதனால் ஆகும். மேற்பக்கத்துக்கு மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமனே விட்டாலோ, இரு பக்கமும் ஒரே அளவாய் ஈரம் வாங்காமையால் பலகை வளைந்துவிடும். ஆளிவிதை எண்ணெயிலும் ஓர் அபாயம் உண்டு. அது காற்றின் பிராணவாயுவை ஏற்று இறுகும்போது உஷ்ணம் பிறப்பதால், எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். விரித்து உலரவிட்டால் தீங்கில்லை. சமயாசாரங்களுக்கும் இது பொருந்தும்: நாலு பேர் பார்க்க மட்டும் பூண்ட ஆசாரம் மனிதனைக் கோணலாக்குகிறது, காற்றோட்டமில்லாமல் குவித்து வைத்த ஆசாரம் காக்க வேண்டிய வீட்டையே எரிக்கிறது.

ஆகையால் ஆசாரங்களை எல்லாம் சுரண்டி எறிவதும் விவேகமன்று, கண்ணை மூடிக்கொண்டு பூசிக்கொண்டே போவதும் பக்தியன்று. அவற்றின் ஊடே உள்ளிருக்கும் பொருளின் ரேகை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் காலந்தோறும் புதுப்பிப்பதும், தெரியாவிட்டால் மரத்துக்குச் சேதமின்றிப் பழைய பூச்சை நீக்கி மறுபடியும் பூசுவதுமே நம்மால் ஆன காரியம். மறைப்பே வேண்டாத நிலையைத் தருவது அவன் தொழில்.