சவலை

ஆம்பூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒரு நாள் காலை மாமியாரும் மருமகளுமாக இரண்டு பெண்கள் வந்தார்கள். மருமகள் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். மகப்பேறு உதவிப் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அவள் தோளில் எட்டு மாதக் கைக்குழந்தை. கிழவியின் இடுப்பில் இன்னொன்று, பெண். பாஸ்புக்கை வாங்கிக்கொண்டே, பேச்சுக்காக, “பெரிசுக்கு ஒன்றரை வயசு இருக்குமா?” என்று கேட்டேன்.

“மூணு முடிஞ்சிபோச்சி சார். சவலை. தம்பி வந்துட்டான் இல்ல?” என்றாள் கிழவி.

அவள் குரலில் புகார் இல்லை. வருத்தம்கூட அதிகமில்லை. ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்வது போல ஒரு தகவல். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அகராதியைப் புரட்டியது. இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

அடுத்தது வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் குறைந்து இளைத்துப்போன குழந்தை சவலை. 1930களில் பொற்கரை என்றழைக்கப்பட்ட இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், வீங்கிய கால்களும் உரியும் தோலுமாக வந்த குழந்தைகளின் நோய்க்கு உள்ளூர்க் கா மொழியில் வழங்கிய பெயரையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடமிழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். இரண்டு நோய்களும் அப்படியே ஒன்றல்ல. ஆனால் இரண்டு பாஷைகளும் ஒரே காட்சியைப் பார்த்திருக்கின்றன. வில்லியம்ஸின் கையில் அந்தச் சொல் ஒரு கேள்வியாயிற்று: பால் நின்ற பிறகு இந்தக் குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள், அதில் என்ன இல்லை? நம்மிடம் சவலை என்ற சொல் பதிலாகவே தங்கிவிட்டது.

யாப்பிலும் சவலை உண்டு. இரண்டாம் அடியில் நாலாவது சீராக வரவேண்டிய தனிச்சொல் இல்லாமல், மூன்று சீரோடு நின்றுவிடும் நாலடி வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர். இலக்கணக்காரன் அதைத் தள்ளிவிடவில்லை. பெயர் கொடுத்து ஒரு வகையாகச் சேர்த்துக்கொண்டான். செய்யுள் விஷயத்தில் இது தாராள மனசு. குழந்தை விஷயத்தில் இதே காரியத்தைச் செய்யும் மனம் எப்படிப்பட்டது என்பதுதான் என் பிரச்னை.

2

பஞ்சத்துக்கும் இன்று இலக்கணம் இருக்கிறது. ஐ.நா. ஸ்தாபனங்களும் நிவாரண அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டின்படி ஒரு பிரதேசத்தில் பஞ்சம் என்று சொல்ல மூன்று விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அநேகமாக இல்லாமல் போயிருக்க வேண்டும். குழந்தைகளில், எடை-உயரக் கணக்கில் 30 சதவீதம், அல்லது கை நாடாக் கணக்கில் 15 சதவீதம், கடும் மெலிவில் இருக்க வேண்டும். பட்டினியாலோ, பட்டினியும் நோயும் சேர்ந்தோ, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இருவர் சாக வேண்டும். நாடாவைக் குழந்தையின் மேற்கையைச் சுற்றிப் பிடிக்கிறார்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. 2024 ஆகஸ்டில் சூடானின் ஸம்ஸம் முகாமிலும் 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியிலும் பஞ்சம் என்ற வார்த்தை இப்படி உச்சரிக்கப்பட்டது.

அதற்குக் கீழே இன்னொரு கோடு. குழந்தைகளின் மெலிவு 15 சதவீதத்தை எட்டினால் ‘மிக அதிகம்’ என்கிறது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவின் எண் 19.3. தமிழ்நாட்டின் எண் 14.6. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25. இங்கே போரில்லை, முற்றுகையில்லை. அங்கன்வாடி உண்டு, சத்துணவு உண்டு. அவை இல்லாவிட்டால் இந்த எண்கள் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இருந்தும் அகதி முகாமில் பதறவைக்கும் ஓர் எண் நம்மிடம் அட்டவணையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

கோடு போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தினமும் கோடு போடுகிற உத்தியோகம் என்னுடையது. லாரிகள் பத்து, முகாம்கள் நூறு என்றால் எதற்கு முதலில் என்று தீர்மானிக்க ஓர் அளவு வேண்டும். அளவு இல்லாத இடத்தில் சத்தம் போடத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். எனக்கு உறுத்துவது வேறு. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு உதவ உண்டான அளவு, கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் விஷயத்தில் நமக்கு நிம்மதி தருகிற அளவாக மாறிவிடுகிறது. 14.6 என்று படித்ததும் எனக்குள் ஒரு கணம் ‘பரவாயில்லை’ என்றது ஒன்று. அந்தக் கணத்தைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கணம் நம் மாகாணத்துக்குப் புதிதல்ல. 1876-78 பஞ்சத்தின்போது, 1877 தொடக்கத்தில், சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது போதாது என்று மல்லாடினார்; சில மாதங்களில் அளவு கூட்டப்பட்டது. உயிர் போகாமலிருக்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்ற கேள்வி இங்கே நிர்வாக பாஷையில் கேட்கப்பட்டது. அதே ஆண்டுகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சென்னையிலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. பஞ்சத்திலும் ஒரு கணக்கு வரவில் முடிகிறது. தோலால் வாழும் எங்கள் பக்கத்து ஊர்க்காரன் இதை மறக்க முடியாது.

3

சோறு போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புவது நம் மரபு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருக்கிறது; அள்ள அள்ளக் குறையாது. ஆனால் அதே காவியத்தில் காயசண்டிகை இருக்கிறாள். சாபத்தால் பன்னிரண்டு வருஷம் யானைத்தீ நோய் பிடித்தவள். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. தின்றது உடம்பில் சேராத பசி என்று ஒன்று உண்டு என்பதைச் சாத்தனார் அறிந்திருக்கிறார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் அவர் குழுவினரும் 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ஸ்ப்ரூ என்ற குடல் நோயை ஆராய்ந்தார்கள். குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் தேய்ந்துபோகின்றன. தின்றது சத்தாகாமல் வெளியேறுகிறது. வியாதி என்று சொல்ல முடியாத அளவில் இதே தேய்வு, அழுக்குத் தண்ணீரிலும் நெருக்கத்திலும் வளரும் குழந்தைகளிடம் உலகெங்கும் காணப்படுகிறது. கிருமி, பேதி, பசி மந்தம், இளைப்பு, மறுபடி கிருமி. இந்தச் சுற்றில் எது நோய், எது பட்டினி என்று பிரிக்க முடிவதில்லை. 2002-03இல் வேலூரின் சேரிப்பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை அதே கல்லூரியினர் வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து பார்த்தார்கள். 373 பேரை மூன்று வயது முடியும்வரை. ரோட்டா வைரஸ் ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொற்றியது. மற்ற தேசங்களில் ஒருமுறை வந்துபோனது தருகிற பாதுகாப்பு இங்கே அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு குழந்தை இளைப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பது சரியா? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. பேதி என்றால் மருத்துவம் பார்த்தார்கள். கண்டதிலிருந்து இத்தேசத்துக்கு என்ன தடுப்பு மருந்து வேண்டும் என்பது தெளிந்தது; 2016இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. பார்த்தவன் பார்த்ததற்குக் கணக்குக் கொடுத்திருக்கிறான். எழுதுகிற நாம் பசியைப் படிமமாக்கி, எலும்பையும் காக்கையையும் வரிக்கு வரி வைத்து, எந்தக் கணக்கையும் கொடுக்காமல் எழுந்துபோயிருக்கிறோம்.

4

தமிழில் பட்டினிக்கு இரண்டு வினை. பட்டினி கிடக்கலாம், பட்டினி போடலாம். 2009இல் வன்னியில் சோறும் மருந்தும் தடைபட்டபோது போட்டவர்கள் இருந்தார்கள்; காஸாவிலும் இருந்தார்கள். அங்கே குற்றத்துக்கு எழுவாய் உண்டு. எங்கள் ஊர்க் குழந்தையை அந்தக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பேசுவது முற்றுகை இட்டவனுக்குச் சலுகை காட்டுவதாகும். அதை நான் செய்ய மாட்டேன். இங்கே யாரும் போடவில்லை. குழந்தை கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியத்திலும் வினை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நீண்ட நெருக்கடி என்கிறார்கள். யாருடைய நீளம்? பாலாற்றில் கலக்கும் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் நஷ்டஈடு பற்றியும் ஆற்றை மீட்பது பற்றியும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நிர்வாகத்தின் காலத்தில் அது ஒரு வழக்கு. முதல் தீர்ப்பின்போது பிறந்த பெண் இரண்டாவது தீர்ப்புக்குள் தாயாகியிருப்பாள். கருவில் தொடங்கி இரண்டு வயது வரை ஏறக்குறைய ஆயிரம் நாள். அதற்குள் இழந்த உயரம் பெரும்பாலும் திரும்புவதில்லை. குட்டையாக வளர்ந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் அதிகம். பெரியவர்களுக்கு ஆறு மாதம் கஷ்ட காலம், வந்தது, போயிற்று. குழந்தைக்கு அது கையும் காலுமாகிவிடுகிறது. அதன் அளவில் குறுகிய நெருக்கடி என்று ஒன்று கிடையாது.

கவுண்டருக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண்ணின் பணம் ஏறவில்லை. கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதற்கான படிவத்தை அவள் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தாள். அது எங்கள் கிளையில், என் மேஜையில், மற்ற காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. “அடுத்த வாரம் வந்து பாரும்மா” என்றேன். அவள் தலையாட்டினாள். கிழவி சவலையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் படிவத்தைத் தேடி எடுத்துப் பதிந்தேன். பத்து நிமிஷ வேலை.