கதையும் ஓர் அமானிதமே

ஒருவர் எழுதிய கதையை மற்றொருவர் நாடகமாக்குகிறார், திரைப்படமாக்குகிறார். அவ்வாறு ஆக்குங்கால் அவர் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? இது கலையைப் பற்றிய வினா மட்டுமன்று. நேர்மையைப் பற்றிய வினாவுமாகும்.

1999-இல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் ‘மேஜிக் லேண்டர்ன்’ குழுவினர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றினர். ஐந்து பாகங்கள் கொண்ட நாவல் ஓரிரவுக்குள் அடங்க வேண்டுமானால் எத்தனையோ காட்சிகள் உதிர்ந்தே தீரும். அதனைக் குற்றமெனக் கொள்வது முறையன்று. குடத்து நீரைக் கிண்ணத்தில் வார்ப்பவர் அளவைக் குறைக்கலாம். நீரின் சுவை மாறாதிருந்தால் போதும். கதையின் சுவை அதன் நிகழ்ச்சிகளில் மட்டும் இல்லை. நம் மனச்சான்றின் முன் அது வைக்கும் கேள்வியில் இருக்கிறது.

இதற்குச் சான்று, ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த சிறுகதை அது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த அந்நியனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். முதலில் கொதித்தெழுந்த தாய், பின்னர் அவள் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவளே எனத் தேற்றி, நடந்ததை ஊரறியாமல் மறைத்துவிடுகிறாள். வாசகர் பலர் சினந்தனர்.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஜெயகாந்தன் அந்தத் தாயையே மாற்றினார். இந்தத் தாய் கதறிக் கூட்டுகிறாள், ஊர் அறிகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டே விரட்டுகிறான். மூடப்படாத அந்தக் காயத்தோடு கங்கா வாழ நேர்ந்த வாழ்வே நாவல். 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் இது திரைப்படமாயிற்று. திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

தாய் மாறினாள், முடிவு மாறிற்று, வடிவமும் மாறிற்று. கேள்வி மாறவில்லை. மறைத்த தாய் செய்தது சரியா என்று கேட்டது சிறுகதை. மறைக்காவிட்டால் என்ன நேரும், பாருங்கள் என்றன நாவலும் படமும். பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறுமையில் மறைப்பான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, குற்றமே செய்யாத ஒரு பெண்ணை ஊர்வாய்க்கு இரையாக்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆசிரியர் தம் பொருளைத் தாமே மாற்றினார். பிறருக்கு அவ்வுரிமை உண்டா என்று கேட்கலாம். இங்கே நம் ஃபிக்ஹு நூல்களின் சட்டமொன்று துணைக்கு வருகிறது. அமானிதப் பொருளை வைத்திருப்பவர் அதனைத் தம் விருப்பப்படி செலவிடலாகாது. ஆனால் வீடு தீப்பற்றினால் அதனை வேறிடத்துக்கு மாற்றலாம். அது மோசடியன்று, பாதுகாப்பு.

இப்னுல் முகஃப்பஃ செய்ததும் இதுவே. பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழி வழியே வந்து, 8-ஆம் நூற்றாண்டில் அவர் கையால் ‘கலீலா வ திம்னா’ என்னும் அரபு நூலாயின. சிங்கத்துக்கும் எருதுக்கும் பகை மூட்டிய நரி, மூலக்கதையில் தண்டனையின்றித் தப்புகிறது. அரபு நூலிலோ அதனை விசாரித்துத் தண்டிக்கும் தனி அதிகாரமே உண்டு. அது அவர் சேர்த்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. புதிய இல்லத்தில் சூழ்ச்சிக்குப் புகழ் சேர்ந்துவிடாதபடி அவர் காவல் வைத்தார் எனலாம்.

கைதட்டலுக்காகக் கங்காவுக்கு ஒரு திருமணத்தைச் சேர்த்து எவரேனும் படத்தை முடித்திருந்தால், அது காவலாகாது, அமானிதத்தைச் செலவழித்ததாகும். காண்போர் மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பர்; அந்தக் கேள்வி அரங்கிலேயே அடங்கியிருக்கும்.

ஆதலின் ஒரு நாடகத்தையோ படத்தையோ கண்டபின், ‘கதை அப்படியே இருக்கிறதா?’ என்று கேட்பது போதாது. ‘கதை என்னிடம் கேட்டதை இதுவும் கேட்கிறதா?’ என்று நாம் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறு கேட்கக் கற்றுக்கொடுப்போம்.