காண்டாமிருகத்தின் மறுபிறவி

மிலிந்தன் என்ற யவன அரசனும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் வாதிடுவதாக அமைந்த பாலி நூல் ‘மிலிந்த பஞ்ஹா’. அரசன் ஏறிவந்த தேரைக் காட்டித் துறவி கேட்கிறார்: அச்சுதான் தேரா? சக்கரமா? ஏர்க்காலா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே அரசன் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியானால் தேர் எங்கே இருக்கிறது?

ஜாவா நிரலாளர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். அங்கே தேருக்குப் பதில் ஒரு காண்டாமிருகம்.

1997-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ரைனோ. ஓரைலி பதிப்பகத்தின் ஜாவாஸ்கிரிப்ட் புத்தக அட்டையில் இருந்த விலங்கு அதற்குப் பெயரானது. 2006-ன் இறுதியில் வந்த ஜாவா 6 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2014-ல் ஜாவா 8 ரைனோவை இறக்கிவிட்டு, அடியோடு புதிதாக எழுதப்பட்ட நாஸ்ஹார்னை அந்த இடத்தில் வைத்தது. ஜெர்மன் மொழியில் நாஸ்ஹார்ன் என்றாலும் காண்டாமிருகம்தான். உடல் வேறு; பெயர் மட்டும் மொழி மாறித் தொடர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பராமரிப்பது கடினம் என்று சொல்லி, 2020-ல் ஜாவா 15 அதையும் நீக்கியது. பின்னர் தனி நூலகமாக நாஸ்ஹார்ன் வெளியிலிருந்து தொடர்ந்தது.

கணக்குப் பிரிவு, கிடங்கு, வங்கி என்று வெவ்வேறு கணினி அமைப்புகளுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் ஒருங்கிணைப்பு மென்பொருள்களை இந்த மாற்றங்கள் நேராகத் தொட்டன. அவற்றில் ஒன்றான அப்பாச்சி கேமலில், எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்பதைச் சிறு ஸ்கிரிப்டாக எழுதிவைக்கப் பொதுவான ஒரு கூறு இருந்தது. 2019-ல் வந்த கேமல் 3.0 அதைக் கைவிட்டது. குரூவி மொழிக்குத் தனிக் கூறு உண்டு. ஸ்கிரிப்டை அதற்கு மாற்றி எழுதிய பிறகும் அது பழைய வழித்தடம்தானா?

நாகசேனரிடமும் இப்படி ஒரு கேள்வி வருகிறது. மறுபிறவி எடுப்பவன் அதே ஆள்தானா, வேறு ஆளா? அவனும் அல்ல, வேறொருவனும் அல்ல என்கிறார் அவர். இரவின் முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆனாலும் இரவெல்லாம் எரிந்தது ஒரே விளக்கு.

நழுவலான பதில்போலத் தோன்றும் இதற்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மாம்பழம் திருடியவன், உடையவன் நட்ட கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு என்று வாதாடினால் விட்டுவிடலாமா? கூடாது என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்திருந்தால் கடனும் கூடவே வரும்.

புதிய எஞ்சின்களுக்கும் அந்தக் கடன் வந்துசேர்ந்தது. ரைனோவுக்காக எழுதிய ஸ்கிரிப்டுகள் ஓடுவதற்கென்றே நாஸ்ஹார்னில் ஒரு பொருத்தக் கோப்பு வைத்தார்கள். அடுத்து வந்த கிரால் ஜாவாஸ்கிரிப்டில் நாஸ்ஹார்னைப்போல் நடந்துகொள்ள ஒரு தனி அமைப்பு உண்டு. நம் பெரியவர்கள் இதைப் பூர்வஜென்ம வாசனை என்பார்கள்.

எல்லா வாசனையும் ஒட்டிக்கொள்வதில்லை. நாற்பதையும் இரண்டையும் கூட்டச் சொன்னால் ரைனோ 42.0 என்று ஜாவாவிடம் கொடுத்தது. நாஸ்ஹார்ன் 42 என்று கொடுத்தது. கணக்கில் இரண்டும் ஒன்று. அந்த எண்ணை எழுத்தாக்கி விலைப்பட்டியலில் ஒட்டி, மறுமுனையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு. அதனால்தான் எஞ்சினை மாற்றுமுன் பழைய செய்திகளைப் பழையதிலும் புதியதிலும் ஒருசேர ஓட்டி, விடைகளை வரிவரியாக ஒத்துப்பார்க்கிறார்கள். அங்கே முளைக்கும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, இதே விடைதானா, வேறா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.